கேளுங்கள், சொல்கிறேன்: கிடப்பில் கிடக்கும் விமானங்கள்

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். ஆளில்லா விமானங்களைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய நான்கு வரிப் பதில் இத்தனை பேரைச் சீண்டிவிடும் என்று நினைக்கவில்லை. மூட்டுவலி, மாங்கன்று, பட்டா மாற்றம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (இல்லத்தரசி, அரக்கோணம்): ஐயா, நீங்களும் எங்கள் ஊர்தான் என்று தெரியும். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து விமானம் எழும்பினால் என் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் பேசுகின்றன. ‘இந்தியாவுக்கு 31 ஆளில்லா விமானங்கள் விற்க அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது’ என்று எழுதியிருந்தீர்கள். காசு நம்முடையது. வாங்குவது நாம். ஒப்புதல் கொடுக்க அவர்கள் யார்?

முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். ‘ஒப்புதல் அளித்தது’ என்று நான் எழுதியது பிழை. அவர்கள் ஒப்புதல் அளிக்கவில்லை, சும்மா இருந்தார்கள். அந்தச் சட்டத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம்.

ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று அங்கே ஒன்று இருக்கிறது. 1976-இல் வந்தது. ஒரு வெளிநாட்டு அரசுக்குப் பெரிய தளவாடத்தை விற்க விரும்பினால், கையெழுத்துப் போடும் முன் அதிபரின் அரசு நாடாளுமன்றத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். நம்மைப் போன்ற நாடு என்றால் முக்கியத் தளவாடத்துக்கு 1.4 கோடி டாலரிலிருந்து இந்த விதி பொருந்தும். 30 நாள் காத்திருக்க வேண்டும். நேட்டோ நாடுகள், ஜப்பான், ஆஸ்திரேலியா, தென் கொரியா, இஸ்ரேல், நியூசிலாந்து ஆகியவை வீட்டு மாப்பிள்ளைகள். அவர்களுக்கு வரம்பு 2.5 கோடி டாலர், காத்திருப்பு 15 நாள். இந்த நாட்களுக்குள் பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு சபைகளும் சேர்ந்து மறுப்புத் தீர்மானம் போடாவிட்டால் விற்பனை நடக்கலாம். மௌனம் சம்மதம் என்று நம் பெரியவர்கள் கல்யாணப் பேச்சில் சொல்வதைத்தான் அவர்கள் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

(நாடாளுமன்றம் என்றே எழுதுகிறேன். அங்கே அதன் பெயர் ‘காங்கிரஸ்’; அப்படி எழுதினால் பாதிப் பேருக்கு சத்தியமூர்த்தி பவன்தான் கண்ணுக்குள் வரும்.)

நீங்கள் கேட்ட விமான விஷயத்தில் 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி அந்த அறிவிப்பு போனது. அச்செடுத்து வைத்திருக்கிறேன், இரண்டு பக்கம்கூட இல்லை. 31 விமானங்கள், 170 ஹெல்ஃபயர் ஏவுகணைகள், 310 சிறுவிட்டக் குண்டுகள், உதிரிகள், பயிற்சி என்று மளிகைக் கடைச் சீட்டு மாதிரி நீண்டுபோய், கடைசியில் 399 கோடி டாலர் என்று முடிகிறது. மதிப்புக்குக் கீழே ஒரு வரி: இது அதிகபட்ச மதிப்பீடு, முடிவான தொகை குறையலாம். நம் பத்திரிகைகள் பெரும்பாலும் அந்த வரியை விட்டுவிட்டு உச்சவரம்பையே விலையாகப் போட்டுவிடுகின்றன. இன்னொரு வாசகமும் உண்டு: இந்த விற்பனை அந்தப் பகுதியின் அடிப்படை ராணுவச் சமநிலையை மாற்றாது. எந்த நாட்டுக்கு எதை விற்றாலும் அனேகமாக இதே வாசகம் இருக்கும். ‘சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று ரசீதில் அச்சாகியே வருமே, அந்த ரகம்.

காசு நம்முடையதுதான். ஆனால் சரக்கு அவர்களுடையது. கொடுப்பதா வேண்டாமா என்பதை அதிபர் ஒருவரே முடிவு செய்யக் கூடாது என்பது அந்த ஊர்க்காரர்களின் சங்கடம். நம்மைப் பற்றிய சட்டம் என்று நினைத்துக் கோபப்படாதீர்கள். அது அவர்கள் அதிபரைப் பற்றிய சட்டம்.

ஒன்று மட்டும். குத்தகைக்கு எடுத்த இரண்டு ஆளில்லா விமானங்கள் 2020 முதலே ராஜாளியிலிருந்து பறந்தன. அதில் ஒன்று 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் விழுந்தது. உங்கள் டம்ளர்களை அதிரவைப்பது இவை அல்ல என்று நினைக்கிறேன். அது பி-8ஐ. பெரிய ஜெட், இரண்டு எஞ்சின், என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதற்குத்தான் ஆடுகிறது.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி): இந்தச் சட்டத்தின்படி மறுப்புத் தீர்மானம் போட்டு ஒரு விற்பனையையாவது நிறுத்தியிருக்கிறார்களா?

இல்லை. ஒன்றுகூட இல்லை.

நீங்கள் சட்டம் படிப்பதால் இதற்குப் பின்னால் இருக்கும் ஒரு வழக்கைச் சொல்ல ஆசை. அதில் துப்பாக்கியும் கிடையாது, விமானமும் கிடையாது. ஜகதீஷ் ராய் சத்தா என்ற மாணவர்; கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி, கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். 1966-இல் படிக்க அமெரிக்கா போனார். 1972-இல் விசா முடிந்தது. பிரிட்டனும் சேர்த்துக்கொள்ளவில்லை, கென்யாவும் சேர்த்துக்கொள்ளவில்லை. குடிவரவு நீதிபதி இரக்கப்பட்டு வெளியேற்றத்தை நிறுத்தி வைத்தார். 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை, அதுவும் தனியாக, அந்த முடிவை ஒரு தீர்மானத்தால் ரத்து செய்தது. சத்தா விடவில்லை. 1983 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தீர்ப்புச் சொன்னது: அதிபரின் கையெழுத்துக்குப் போகாமல் நாடாளுமன்றம் தனியே போடும் தீர்மானத்துக்குச் சட்ட பலம் கிடையாது.

அந்தத் தீர்ப்பின் இடி ஆயுதச் சட்டத்தின் தலையிலும் விழுந்தது. அதுவரை இரு சபைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் ‘வேண்டாம்’ என்றால் விற்பனை நின்றிருக்கும், அதிபர் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பிறகு மறுப்புத் தீர்மானமும் அதிபரின் மேசைக்குப் போக வேண்டியதாயிற்று. விற்க நினைப்பவரே அவர்தான். வீட்டோ போடாமல் விடுவாரா? அதை மீற இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். விசா முடிந்துபோன ஒரு மாணவர், தமக்கே தெரியாமல், ஆயுதக் கடையின் பூட்டை மாற்றிவிட்டுப் போனார்.

பழைய பூட்டு இருந்தபோதே ஒரு பெரிய பலப்பரீட்சை நடந்தது. 1981: சவூதி அரேபியாவுக்கு ஐந்து அவாக்ஸ் ரேடார் விமானங்கள், மற்றவற்றோடு சேர்த்து 850 கோடி டாலர். பிரதிநிதிகள் சபை 301-க்கு 111 என்று ‘வேண்டாம்’ என்றது. செனட்டும் அப்படியே சொன்னால் முடிந்தது கதை. விற்க விரும்பிய அதிபர் ரீகன் செனட்டர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். வாக்கெடுப்பு நடந்த அக்டோபர் 28-ஆம் தேதியே, விமானங்களை ஒப்படைக்கும் முன் இன்னின்ன நிபந்தனைகள் நிறைவேறியதாக எழுத்தில் சான்று தருவேன் என்று செனட்டுக்குக் கடிதம் கொடுத்தார். 52-க்கு 48. ரீகன் ஜெயித்தார். ஆனால் முதல் விமானம் கைமாறியது 1986-இல், அவர் அந்தச் சான்றில் கையெழுத்துப் போட்ட பிறகு.

அதே 1986-இல் புதிய பூட்டுக்குப் பரீட்சை. சவூதிக்கு 35.4 கோடி டாலருக்கு ஏவுகணைகள். செனட் 73-22, பிரதிநிதிகள் சபை 356-62 என்று மறுத்தன. ரீகன் வீட்டோ போட்டார். போட்டாலும் பயம். தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணைகள் 800-ஐயும் பட்டியலிலிருந்து தாமாகவே எடுத்துவிட்டார்; தொகை 26.5 கோடிக்கு இறங்கியது. செனட்டில் வீட்டோவை மீற 67 வாக்கு வேண்டும். கிடைத்தது 66.

தீர்மானம் தோற்றது, உண்மை. 800 ஸ்டிங்கர்கள் போகவில்லை, அதுவும் உண்மை.

கேள்வி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருத்தணி): ஒருமுறைகூட ஜெயிக்காத சட்டம் என்றால் அது ஏட்டுச் சுரைக்காய்தானே?

உங்களுக்குத் தெரியாததா ஐயா, கண்டிப்பான ஆசிரியர் பிரம்பை எடுப்பதே இல்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். அரசுத் தணிக்கையில் 33 வருடம் பில் பார்த்தவன் நான். ஒருசமயம் தார்ப்பாய் வாங்கிய பில் ஒன்று என் மேசைக்கு வந்தது. விலை சரி, கையெழுத்து சரி, முத்திரை சரி. எண்ணிக்கைதான் உறுத்தியது, இருந்த லாரிகளைவிட மூடும் தார்ப்பாய் இரண்டு மடங்கு. பில்லைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் எனக்குக் கிடையாது, மேலே அனுப்பத்தான் வேண்டும். நான் அனுப்பவில்லை. ‘லாரிகளின் பட்டியல் இணைக்கப்படவில்லை’ என்று பென்சிலில் ஒரு குறிப்பு எழுதி இடது பக்கத் தட்டில் வைத்தேன். பதினோராவது நாள் சப்ளையரே வந்து நின்றார். வேர்வை. ‘எண்ணிக்கையில் தட்டச்சுப் பிழை சார்’ என்றார். புது பில்லில் பாதி.

இதற்குத்தான் கிடப்பில் போடுவது என்று பெயர். அமெரிக்க நாடாளுமன்றத்தின் உண்மையான பலம் சட்டத்தில் இருக்கும் அந்த 30 நாளில் இல்லை, அதற்கு முன்னால் சட்டத்தில் எழுதப்படாத நாட்களில் இருக்கிறது. முறையான அறிவிப்பை அனுப்பும் முன், வெளியுறவுத் துறை அந்தக் கோப்பை நான்கு பேருக்குக் காட்டுவது வழக்கம்: செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவர், அங்கே எதிர்க்கட்சியின் மூத்த உறுப்பினர், பிரதிநிதிகள் சபையில் அதேபோல் இருவர். இந்த நால்வரில் ஒருவர் ‘எனக்குக் கேள்வி இருக்கிறது’ என்றால் கோப்பு நின்றுவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில். எந்தச் சட்டமும் அரசை அப்படி நிற்கச் சொல்லவில்லை. பகைத்துக்கொண்டால் அடுத்த பத்து கோப்புகள் மாட்டிக்கொள்ளும் என்பதால் நிற்கிறார்கள்.

துருக்கி 2021-இல் 40 புதிய எஃப்-16 விமானங்களும், பழையவற்றைப் புதுப்பிக்க 79 தொகுதிகளும் கேட்டது. செனட் வெளியுறவுக் குழுத் தலைவர் பாப் மெனண்டஸ் அந்தக் கோப்பின் மேல் உட்கார்ந்துகொண்டார். துருக்கியோ நேட்டோவில் சுவீடன் சேருவதன் மேல் உட்கார்ந்திருந்தது. 2024 ஜனவரி 23-ஆம் தேதி துருக்கி நாடாளுமன்றம் சுவீடனுக்குத் தலையசைத்தது. 26-ஆம் தேதி 2,300 கோடி டாலர் அறிவிப்பு வாஷிங்டனில் வெளிவந்தது. அன்றைக்கே கிரீஸுக்கு 40 எஃப்-35. ஒரு வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிட வேண்டும் அல்லவா?

நம்முடைய 31 விமானங்களும் கிடப்பில் கிடந்தவைதான். மெனண்டஸுக்குப் பின் தலைவராக வந்த பென் கார்டின், நியூயார்க்கில் சீக்கியப் பிரிவினைவாதி ஒருவரைக் கொல்ல நடந்ததாகச் சொல்லப்பட்ட சதி பற்றி பைடன் அரசிடம் மாதக்கணக்கில் பேசி, விசாரணை குறித்து உறுதிமொழி வாங்கிய பிறகே வழிவிட்டதாக அவரே அறிக்கை விட்டார். 2024 அக்டோபரில் நாம் கையெழுத்திட்டோம், பராமரிப்பையும் சேர்த்துச் சுமார் 32,000 கோடி ரூபாய்.

1977-இல் நடந்தது இன்னும் சுவாரசியம். ஈரான் மன்னர் ஷாவுக்கு ஏழு அவாக்ஸ் விற்க அப்போதைய அமெரிக்க அதிபர் கார்ட்டர் முயன்றார். பிரதிநிதிகள் சபைக் குழு எதிர்த்தது. கார்ட்டர் கோப்பைத் திரும்பப் பெற்று, சில மாதம் கழித்து மறுபடி அனுப்பி, இம்முறை மறுப்பில்லாமல் தாண்டினார். 1979-இல் புரட்சி, ஷா ஓடிப்போனார். விமானம் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. அதற்கு முன்பே, கண்காணிப்பு விதிகள் வருவதற்குள் 1974-இல் விற்பனையான எஃப்-14 போர் விமானங்கள் 79 போய்ச் சேர்ந்திருந்தன. அயதுல்லாக்களின் விமானப்படை அவற்றைப் பல ஆண்டுகள் ஓட்டியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்கு அந்தத் தார்ப்பாய் பில்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் கிடப்பில் போடும் அதிகாரத்துக்கு ஒரு நாற்றமும் உண்டு, மறைக்க மாட்டேன். அதே மெனண்டஸ் லஞ்ச வழக்கில் மாட்டினார். வீட்டில் தங்கக் கட்டிகள் கிடைத்தன. எகிப்துக்கு 9.9 கோடி டாலர் டாங்கிக் குண்டு விற்பனைக்கு வழிவிடுவதாகச் சொல்லி அனுப்பிய செய்தியும் குற்றப்பத்திரிகையில் இருந்தது. 2024-இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2025 ஜனவரியில் 11 ஆண்டு சிறை. கோப்பை நிறுத்தத் தெரிந்தவருக்கு நகர்த்தவும் தெரியும். என் அலுவலகத்திலும் இடது பக்கத் தட்டுக்கு விலை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

கேள்வி (லேத் பட்டறை உரிமையாளர், கோவை): சட்டம் என்றால் சந்தும் இருக்குமே?

இருக்கிறது, இரண்டு.

முதலாவது, ‘அவசரம்’. தேசப் பாதுகாப்புக்கு உடனே தேவை என்று அதிபர் தரப்பு எழுதிக் கொடுத்தால் காத்திருப்பு கிடையாது. 2019 மே மாதம் வெளியுறவு அமைச்சர் பாம்பியோ இதைச் சொல்லி, சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், ஜோர்டான் மூன்றுக்குமாக 22 விற்பனைகளை, 810 கோடி டாலர், ஒரே மூச்சில் அனுப்பினார். யேமன் போரில் கோபமாக இருந்த செனட் 22-க்கும் மறுப்புத் தீர்மானம் போட்டது. மூன்று மட்டும் இரு சபையும் தாண்டி டிரம்ப்பிடம் போயின. மூன்றுக்கும் வீட்டோ. 2023 டிசம்பரில் பைடன் அரசும் இதே சந்தில் நுழைந்து ஏறக்குறைய 14,000 டாங்கிக் குண்டுகளை இஸ்ரேலுக்கு அனுப்பியது. சந்துக்குக் கட்சி கிடையாது.

இரண்டாவது சந்து எனக்குப் பழக்கமானது. ஒரு லட்சத்துக்கு மேல் போனால் டெண்டர் என்றால், 99,000-க்கு மூன்று பில் வரும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் தலைமை ஆய்வாளர் 2020 ஆகஸ்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்: 2017 ஜனவரிக்குப் பிறகு சவூதிக்கும் அமீரகத்துக்கும் போனவற்றில், நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டிய வரம்புக்குக் கீழே இருந்தவை மட்டும் 4,221. மொத்த மதிப்பு சுமார் 1,120 கோடி டாலர். துண்டு போட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்தால் அந்த அவசர விற்பனைகளைவிட அதிகம் வருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கேள்வி (வங்கி ஊழியர், மதுரை): செனட்டர் சாண்டர்ஸ் இஸ்ரேலுக்கு எதிராகத் தீர்மானம் போட்டுத் தோற்றுக்கொண்டே இருக்கிறாரே, சலிக்காதா?

டாங்கிக் குண்டு விற்பனையை மறுத்து அவர் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 2024 நவம்பரில் 18 வாக்கு. 2025 ஏப்ரலில் வேறொன்றுக்கு 15. ஜூலையில் துப்பாக்கி விற்பனைக்கு எதிராக 27. ஜெயிக்க இன்னும் வெகுதூரம். ஆனால் இந்தத் தீர்மானங்களைக் குழுவிலேயே புதைத்துவிட முடியாதபடி செனட்டில் தனி விதி இருக்கிறது; வாக்கெடுப்பு வந்தால் ஒவ்வொருவர் பெயரும் பதிவாகும். அவர் தேடுவது அதைத்தான் என்று தோன்றுகிறது.

கேள்வி (நூலகர், யாழ்ப்பாணம்): இலங்கை விஷயத்தில் இந்தக் கண்காணிப்பு ஏதாவது செய்ததா?

செய்தது, வேறு வழியில். விற்பனையைத் தனித்தனியாக மறுப்பதற்குப் பதில், 2007 டிசம்பரில் நிறைவேறிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இலங்கைக்கென்றே ஒரு பிரிவைச் செருகினார்கள். மனித உரிமை மீறலில் ஈடுபட்ட படையினர் மீது நடவடிக்கை, தொண்டு நிறுவனங்களுக்கும் செய்தியாளர்களுக்கும் அனுமதி, ஐ.நா. மனித உரிமைக் கண்காணிப்பு ஆகிய நிபந்தனைகள் நிறைவேறும்வரை ராணுவ உதவியும் ஏற்றுமதி உரிமமும் இல்லை. விதிவிலக்கு: கடல், வான் கண்காணிப்புக் கருவிகள். போர் 2009 மேயில் எப்படி முடிந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிஃபிர் விமானம் இஸ்ரேலிலிருந்தும், மிக்-27 உக்ரைனிலிருந்தும், எஃப்-7 சீனாவிலிருந்தும் ஏற்கெனவே வந்திருந்தன. தெருவில் ஒரு கடை பாதிக் கதவை மூடியது. மற்ற கடைகள் திறந்திருந்தன. அந்த விதிவிலக்கு சின்னது என்றும் நான் சொல்ல மாட்டேன். கடலில் என்ன நடக்கிறது என்று பார்க்க முடிந்தவருக்கு அந்தப் போரில் எவ்வளவு அனுகூலம் என்று உங்கள் ஊர் மீனவரைக் கேளுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்ற வாசகர், சென்னை): இப்போது நாமும் ஆயுதம் விற்கிறோம். நம் நாடாளுமன்றத்துக்கு இப்படி ஓர் அதிகாரம் உண்டா?

கிடையாது. 2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸுக்கு பிரம்மோஸ் ஏவுகணை விற்க ஏறக்குறைய 37.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆனது. நல்ல விற்பனைதான், நானும் மகிழ்ந்தேன். மக்களவையில் முன்கூட்டி வைக்கவில்லை, வைக்கச் சொல்லும் சட்டமும் இல்லை. ஏற்றுமதி உரிமம் 1992-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் கீழ் அதிகாரிகள் கொடுப்பது. இஸ்ரேலுக்குப் போகும் தளவாட ஏற்றுமதியை நிறுத்தக் கோரி, ஓய்வுபெற்ற அதிகாரிகள் உள்ளிட்ட சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். வெளியுறவு அரசின் வேலை, நாங்கள் தலையிட மாட்டோம் என்று 2024 செப்டம்பரில் மனு தள்ளுபடியானது.

உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், கேட்கிறார்கள். மொத்தத் தொகையைச் சொல்வார்கள்: 2023-24-இல் 21,083 கோடி ரூபாய், 2024-25-இல் 23,622 கோடி. எந்த நாட்டுக்கு எது என்று கேட்டால், கேந்திர முக்கியத்துவம் கருதிச் சொல்வதற்கில்லை என்பார்கள்.

இனவாரிப் பட்டியல் இல்லாத கூட்டுத்தொகைக்கு நான் 33 வருடத்தில் ஒருமுறைகூட டிக் அடித்ததில்லை.